புரட்டாசியில் பொறுக்கியது, ஐப்பசியில் பிடித்தது

எங்கள் ஊர் ஓடையில் வருடத்தில் பத்து மாதம் தண்ணீர் இருக்காது. காய்ந்த மணல், இரண்டு கரையிலும் சீமைக்கருவேலம், நடுவில் ஆடுகள் போய்ப் போய் விழுந்த தடம், அவ்வளவுதான். கண்மாய் நிறைந்து வழிகிற கலுங்கில் தொடங்கி, ஊருக்குப் பின்பக்கமாக வளைந்து, கடைத்தெருப் பாலத்துக்கு அடியில் நுழைந்து, மூன்று கிலோமீட்டர் போய் வடகடலில் சேர்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் ஆற்றங்கரை என்கிற ஊருக்கும் இடைப்பட்ட கரை எங்களுடையது. பாக் விரிகுடாவை எங்கள் பக்கம் வடகடல் என்றும் பெண் கடல் என்றும் சொல்வோம். அலை அடங்கிய, ஆழம் குறைந்த கடல். தரையில் பரவலாகக் கடற்புல் முளைத்திருக்கும். மன்னார் வளைகுடாதான் தென்கடல், ஆண் கடல்.

நான் குழாய் வேலை செய்பவன். கடல் வேலைக்குப் போனதில்லை. ஓடைக் குப்பை கடலுக்குப் போகாமல் பிடிக்கிற இந்தக் காரியத்தில் இறங்கியதற்கு என் பெரியம்மாதான் காரணம். அவர் கடல்பாசி வளர்க்கிறார். மூங்கிலால் 12-க்கு 12 அடியில் மிதவை கட்டி, குறுக்கே கயிறுகளை ஓட்டி, பாசித் துண்டுகளை முடிந்து கடலில் இறக்குவார்கள். 45 நாளில் அறுப்பு. வாடைக்காற்று அடங்கித் தை பிறந்த பிறகுதான் இங்கே மிதவை இறங்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய மாசியில் ஒருநாள், மிதவையைப் பார்க்கப் போனவர் அரைச் சாக்குக் குப்பையோடு கரையேறினார். பால் கவர், சாம்பார் கட்டிக் கொடுக்கிற கவர், ஷாம்பு பாக்கெட். கவர் சுற்றியிருந்த இடத்தில் பாசி வெளுத்துப்போய், கை வைத்தால் கூழாக வந்தது. வெயிலும் நீரோட்டமும் படாமல் அழுகியிருந்தது.

"என்னப்பு, நம்ம கடைத்தெருப் பேரு போட்ட பையெல்லாம் என் மெதவையில வந்து தொங்குது. நீ தண்ணியத் திருப்பி விடுற வேலைதான பாக்குற? இதத் திருப்பி விட முடியாதா?" என்று கேட்டார்.

முதலில் நான் செய்தது பெரிய தப்பு. யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன். கடைத்தெருப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் போக மூன்று சிமெண்டுக் குழாய்கள் உண்டு. மூன்றின் வாயிலும் கோழிவலைக் கம்பியை அடித்து வைத்தேன். ஐப்பசியில் முதல் கனமழை இரவு எட்டு மணிக்குப் பிடித்தது. ஒன்பது மணிக்குள் கம்பி முழுக்கக் கவரும் தழையும் ஒட்டிச் சுவராகிவிட்டது. தண்ணீர் எதிர்த்து ஏறி இரண்டு வீட்டுக்குள் புகுந்தது. ஒரு வீட்டில் தரையில் இருந்த அரிசி மூட்டை நனைந்தது. நானும் தங்கச்சி மகனும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கடப்பாரையால் கம்பியைப் பிய்த்தெடுத்தோம். மறுநாள் அந்த வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டேன். பாலத்தின் வாயில், குழாயின் வாயில், கலுங்கில் எந்தக் கம்பியும் வலையும் கட்டாதீர்கள். தண்ணீர் போகிற வழி திறந்தே இருக்க வேண்டும். மிதந்து வருவதை மட்டும் ஓரத்துக்கு ஒதுக்கலாம்.

அந்த இரவில் வேறொன்றையும் பார்த்தேன். கம்பி பிய்ந்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரம் பாட்டிலும் தெர்மாகோலும் செருப்பும் இடைவிடாமல் போயின. அப்புறம் தண்ணீர் கிட்டத்தட்டச் சுத்தமாகிவிட்டது. நாலு நாள் கழித்து இன்னொரு மழை பெய்து ஓடை அதே அளவுக்கு ஓடியபோது குப்பை கொஞ்சம்தான் வந்தது. பத்து மாதமாக ஓடைக்குள் சேர்ந்து கிடந்தது முழுவதும் முதல் மழையின் அந்த இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது. இதன் அர்த்தம் எனக்கு உடனே பிடிபடவில்லை. குப்பையை ஓரத்துக்கு ஒதுக்க ஓடைக்குக் குறுக்கே ஒரு மிதவை கட்டும் நினைப்பிலேயே இருந்தேன்.

ஓடை நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பது. ஊராட்சி வழியாக எழுதிக் கொடுத்தோம். கான்கிரீட் எதுவும் இல்லை, கழற்றி எடுக்கக்கூடிய மிதவைதான் என்று படம் வரைந்து காட்டினோம். இடத்தை முகத்துவாரத்தில் பார்க்காமல் மேலே தள்ளிப் பார்த்தோம். முகத்துவாரத்தில் வெண்கண்டல் நிற்கிறது. அதன் மூச்சுவேர்கள் பென்சில் நட்டுவைத்த மாதிரி சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும். அதன்மேல் ஒரு கவர் போர்த்தினாலே வேருக்குக் காற்றுப் போகாது. அங்கே குப்பையைத் தேக்குவது அந்தச் செடிகளைக் கொல்வதற்குச் சமம். கடலிலிருந்து 400 மீட்டர் மேலே, ஓடை 11 மீட்டர் அகலத்தில் நேராகப் போகிற இடம் கிடைத்தது. ஒரு கரையில் குட்டியானை வண்டி வந்து நிற்கப் பாதையும் இருந்தது. அள்ளிய குப்பையைத் தலையில் சுமக்கவேண்டி இருந்தால் இரண்டாவது மழைக்கே யாரும் வரமாட்டார்கள்.

கார்த்திகையில் முதல் மிதவை. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய், மூன்று மீட்டர் நீளத்தில் ஆறு. இரண்டு முனையிலும் மூடி போட்டுச் சொல்யூஷன் ஒட்டினேன். ஒரு குழாய் சுமார் 28 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதனால் மிதப்பதைப் பற்றிக் கவலையே இல்லை. ஓடைக்கு நேர் குறுக்கே கட்டினால் குப்பை நடுவில் வந்து குவிந்து அடியில் நழுவிப் போய்விடும். சாய்வாகக் கட்டினால் குப்பை மிதவையை ஒட்டியே வழுக்கிக்கொண்டு ஒரு கரைக்கு வந்து சேரும். அதனால்தான் 11 மீட்டர் ஓடைக்கு 18 மீட்டர் மிதவை. குழாய்க்கும் குழாய்க்கும் இடையில் பழைய பைக் டியூபை வெட்டிச் சுற்றினேன். அந்த இடைவெளியில்தான் பாட்டில்கள் தப்பிப் போகும். குழாய்க்குக் கீழே ஒரு முழம் ஆழத்துக்கு, கரையில் கிடந்த பழைய நண்டு வலையைத் தொங்கவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் போனால் வலையில் ஏழெட்டு மடவை மீன் செத்துத் தொங்கியது, ஒரு தண்ணீர்ப் பாம்பும் மாட்டியிருந்தது. நண்டு வலை தங்கூசி என்கிற மெல்லிய நைலான் இழையில் பின்னியது, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. ஆள் இல்லாவிட்டாலும் அது மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். கடலில் அறுந்து போகிற வலை செய்வதும் இதைத்தான். குப்பையைப் பிடிக்கிறேன் என்று நானே ஒரு கண்ணியைக் கட்டிவிட்டேனே என்று மனசு கஷ்டமாக இருந்தது. அன்றைக்கே அறுத்தெடுத்தேன்.

அந்த வாரமே மிதவையும் போயிற்று. இரண்டு கரையிலும் இரும்புக் குழாயை அடித்து, கயிற்றை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தேன். மழையில் தண்ணீர் வேகமெடுத்ததும் ஒரு பக்கத்துக் குழாய் மண்ணோடு பிடுங்கிக்கொண்டது. நல்லவேளை, மிதவை கரையில் ஒதுங்கியது. சித்தப்பா முறையுள்ள ஒருவர், நாற்பது வருடம் வத்தைப் படகு ஓட்டியவர், வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "படக அணையிறப்ப கயித்த விட்டுத்தானப்பா கட்டுறோம்? இப்புடி முறுக்கிக் கட்டுனா எது நிக்கும்?"

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனங்கொட்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, பத்து மீட்டர் போக எத்தனை வினாடி என்று எண்ணினால் வேகம் தெரியும். இருபது வினாடி என்றால் வினாடிக்கு அரை மீட்டர். அந்த வேகத்தில், குப்பை அடைத்த எங்கள் மிதவையைத் தண்ணீர் சுமார் 50 கிலோ பலத்தோடு தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்கு, 200 கிலோ. கயிற்றை இழுத்துக் கட்டுவது இதற்குமேல் ஒரு தொல்லை. 18 மீட்டரில் இரண்டே கால் மீட்டர் தொய்வு விட்டால் தண்ணீர் தள்ளுகிற பலமும் கயிறு தாங்குகிற பலமும் ஏறக்குறைய ஒன்றுதான். தொய்வைத் தொண்ணூறு சென்டிமீட்டராகக் குறைத்தால் கயிற்றில் அதைப்போல இரண்டரை மடங்கு ஏறிவிடும். கரையில் அடித்த முளை எப்படி நிற்கும்?

ஆடியில் மறுபடியும் தொடங்கினேன். இந்த முறை மாற்றியவற்றில் முதலாவது நங்கூரம். கரையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, மூன்றடிப் பனந்துண்டைப் படுக்கைவசமாகப் புதைத்து, அதில் கட்டிய கயிற்றை மேலே கொண்டுவந்தோம். நின்ற முளையைத் தண்ணீர் பிடுங்கிவிடும். படுத்த மரத்தைப் பிடுங்க வேண்டுமானால் மேலே இருக்கிற மண் முழுவதையும் தூக்க வேண்டும். இரும்புக் குழாய் இப்போது வழிகாட்டி மட்டும்தான். அதில் ஒரு பெரிய வளையம் கோத்து மிதவையின் முனையை அதோடு சேர்த்திருக்கிறேன், தண்ணீர் ஏற ஏற வளையமும் ஏறும். ஒரு கரையில் தடித்த கயிறு. எதிர்க்கரையில் வேண்டுமென்றே மெல்லிய கயிறு. சீமைக்கருவேலம் ஒன்று வேரோடு வந்து மோதினால் மெல்லிய கயிறு முதலில் அறுந்து, மிதவை கதவு திறந்த மாதிரி கரையோரம் போய்ப் படுத்துக்கொள்ளும். வெள்ளத்தைத் தடுக்கவும் தடுக்காது, கடலுக்குப் போய் அதுவே குப்பையாகவும் ஆகாது.

வலைக்குப் பதிலாகப் பனைமட்டை. சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. நீளவாக்கில் பிளந்து, விரல்கடை இடைவெளி விட்டு, வேலி அடைக்கிற மாதிரி வரிசையாகக் குழாயிலிருந்து தொங்கவிட்டேன். காய்ந்த மட்டை மிதந்துகொண்டு மேலே வரும் என்பதால், ஓர் அங்குலக் குழாயில் மணலை நிரப்பி மூடி, அடிவரிசைக்குப் பாரமாகக் கட்டினேன். ஆழம் ஒரு சாண்தான். அதற்குக் கீழே மீனும் நண்டும் தாராளமாகப் போகலாம். உடைந்து கடலுக்குப் போனாலும் அது பனைமட்டைதான்.

குழாய் விஷயத்தில் ஒன்று. முதல் மிதவையில் ஒரு மூடி சரியாக ஒட்டாமல், குழாய்க்குள் தண்ணீர் ஏறி ஒரு பக்கம் அமிழ்ந்தது. எத்தனை கவனமாக ஒட்டினாலும் வெயிலும் உப்பும் ஏதாவது ஒரு மூட்டைத் திறந்துவிடும். அதனால் இந்த முறை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் காலி ஒரு லிட்டர் பாட்டில்களை மூடி இறுக்கித் தள்ளினேன். 110 மில்லிமீட்டர் குழாய்க்குள் அவை சுலபமாகப் போகும், மூன்று மீட்டருக்குப் பத்துப் பதினொன்று பிடிக்கும். மூட்டு ஒழுகினாலும் குழாய் மூழ்காது. பாட்டில்களுக்கு எங்கேயும் அலையவில்லை, ஓடையிலேயே கிடந்தன. பிவிசி வெயிலில் நொறுங்காமல் இருக்க இரண்டு கோட்டுப் பெயிண்ட் அடித்தேன். எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடிந்தது.

மிதவை தயாராகி ஆவணிக் கடைசியில் கரையில் கிடந்தது. பெரியம்மா வந்து சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் காய்ந்த ஓடைக்குள் இறங்கி நடந்துபோய், மணலில் பாதி புதைந்திருந்த ஒரு பாட்டிலைக் காலால் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இது இங்கனதான கெடக்கு. தண்ணிக்குள்ள போனப்பறம் பிடிக்க இம்புட்டுப் பாடுபடுறியே, இப்பவே எடுத்துட்டா என்ன?"

போன வருடம் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தும் எனக்குப் புரியாமல் போனது இதுதான். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு என்றால் மிதவை கட்டித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்து ஓடைகள் அப்படி இல்லை. வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டிக் கடல் வரைக்கும் போவது நல்ல மழை வருடத்தில்தான். குப்பை பத்து மாதம் காய்ந்த மணலில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறது. மிதவை பிடிப்பது மேலே மிதப்பதை மட்டும்தான். சேறு புகுந்த கவர் தண்ணீரின் நடு ஆழத்தில் போகும், கண்ணாடிப் பாட்டில் தரையில் உருண்டு போகும். அதோடு மிதவை அறுந்துபோக வாய்ப்புள்ள நேரமும், குப்பை அதிகமாக வருகிற நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன, அந்த முதல் இரண்டு மணி நேரம். புரட்டாசிதான் உண்மையான வேலைக்காலம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

புரட்டாசியில் நாலு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, வெயில் ஏறும் முன். பத்துப் பேருக்குக் குறையாமல் வந்தார்கள். ஜேசிபி வைத்தால் அரை நாளில் முடியும் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது குப்பையோடு மணலையும் கரையையும் சேர்த்து அள்ளிவிடும், உடைபட்ட கவர் நூறு துண்டாகும். கையால்தான் பொறுக்க வேண்டும். சாதாரணத் துணிக் கையுறை வேலமுள்ளுக்கு நிற்காது, வெல்டிங் வேலைக்குப் போடுகிற தோல் கையுறை வேண்டும். அடிப்பாகம் கெட்டியான செருப்பு அல்லது ஷூ கட்டாயம். குப்பைக் குவியலில் கை வைக்கும் முன் நீளக் கம்பால் தட்டுங்கள். கட்டுவிரியன் ஒன்று தெர்மாகோல் பெட்டிக்கு அடியில் சுருண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். முள்ளோ கண்ணாடியோ குத்தினால் டிடி ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

பொறுக்கும்போதே எந்தக் குப்பை எங்கே அதிகம் என்று தங்கச்சி மகன் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். மூன்று கிலோமீட்டரில் பெரும்பகுதி மூன்றே இடங்களில் இருந்தது. கடைத்தெருவின் பின்சுவர், கலுங்குக்குப் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்து குடிக்கிற இடம், கடல் பக்கம் நண்டு வலை பிரிக்கிற கொட்டகை. இதில் கொட்டகைதான் சீக்கிரம் சரியானது. வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது சிக்கின கண்ணிகளை அறுத்துக் கீழே போடுவார்கள். அது காற்றில் உருண்டு ஓடைக்குள் விழும். தூணுக்குத் தூண் ஒரு சாக்கைக் கட்டி, வாயை விரித்து வைத்தோம். வேறெதுவும் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிற அக்காமார் மறுநாளிலிருந்தே அதில் போட ஆரம்பித்துவிட்டார்கள். தூக்கிப் போட இடம் இல்லாமல்தான் அதுவரை கீழே போட்டிருக்கிறார்கள்.

கடைத்தெரு அவ்வளவு சுலபமாக இல்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற 14 வகை பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் சாம்பாரும் சட்னியும் கவரில்தான் போகின்றன. சாப்பாட்டுக் கடை அண்ணன் ஒருவர் மட்டும், தூக்குவாளி கொண்டு வருபவர்களுக்குச் சாம்பார் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறார். பின்சுவருக்கு வெளியே குப்பை கொட்டுகிற இடத்தில் வேலி போட்டோம், வேலிக்கு மேலே கொட்டினார்கள். ஊராட்சிக் குப்பை வண்டி காலையில் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடை அடைக்கிற நேரத்தில் சேர்கிற குப்பைக்கு வழியில்லை. சாயங்காலமும் ஒருமுறை வரச் சொல்லிக் கேட்டு, ஐப்பசி பிறக்கும்போது வர ஆரம்பித்தது. வேலியால் ஆகாதது வண்டி வந்த பிறகு பாதியாவது ஆனது. கலுங்குப் பக்கம் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே வாரம் ஒருமுறை நாங்களே போய்ப் பொறுக்குகிறோம்.

சேர்ந்ததைப் பிரிப்பது தனி வேலை. பாட்டில், வாளி, இரும்பு எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கவர்களைத் தார்ச் சாலைக்குக் கொடுக்கலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்துக் கொடுத்த முறை அது, 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவினால் உருகி ஒட்டிக்கொள்ளும், அதற்குமேல் தார். ஆனால் கவர் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், பிவிசி கலக்கவே கூடாது, சூட்டில் நச்சுப்புகை வரும். எங்கள் ஊரில் குடிக்கவே லாரித் தண்ணீர். குப்பையைக் கழுவ எங்கே போவது? இதற்கும் புரட்டாசிதான் கைகொடுத்தது. காய்ந்த ஓடையில் பொறுக்கிய கவரை உதறினாலே மணல் கொட்டிவிடும். மழையில் பிடித்த கவரோ சேறும் உப்புமாக ஒட்டிக்கொண்டு எதற்கும் உதவாமல் போகிறது. பிரிக்க முடியாத மிச்சத்தை ஊராட்சி வண்டியில் ஏற்றினோம். கொளுத்தலாம் என்று சொன்னவர்களிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன்.

ஐப்பசியில் மிதவையை இறக்கினோம். முதல் கனமழை பகலிலேயே வந்தது நல்லதாகப் போயிற்று. மட்டை வரிசையில் குப்பை வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தது, நாங்கள் நாலு பேர் அத்தாங்கு என்கிற கைவலையை வைத்து அள்ளினோம். மொத்தம் ஒன்பது சாக்கு. புரட்டாசியின் நாலு ஞாயிறுகளில் பொறுக்கியது எழுபத்தி இரண்டு சாக்கு. வேகம் வினாடிக்கு அரை மீட்டரைத் தாண்டியதும் சில பாட்டில்கள் மட்டைக்கு அடியில் புகுந்து போனதையும் பார்த்தோம், அதற்கு வழி தெரியவில்லை. கடல் ஏறுகிற நேரத்தில் ஓடை பின்னோக்கித் தள்ளும். எங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது, ஆனாலும் கரையில் ஒதுங்கிய குப்பை மிதவையை விட்டு விலகி மேலே போக அது போதும். வற்றம் இருக்கும்போதே அள்ளி முடித்துவிட வேண்டும்.

கார்த்திகையில் ஒருநாள் இரவு மெல்லிய கயிறு அறுந்தது. காலையில் போனபோது மிதவை கரையோரமாக, ஒரு கருவேல மரத்தைத் தாங்கிக்கொண்டு படுத்திருந்தது. மரத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கயிறு போட்டு அரை மணி நேரத்தில் திரும்பக் கட்டினோம். மார்கழி முடிவில் கழற்றிப் பார்த்தபோது அடிப்பக்க மட்டைகளில் கால்வாசியைப் புழு அரித்திருந்தது. வருடா வருடம் மட்டை மாற்ற வேண்டியிருக்கும். ஒரு குழாய்க்குள் தண்ணீர் ஏறியிருந்தது, உள்ளே இருந்த பாட்டில்கள் அதை மிதக்க வைத்திருந்தன.

இந்த மாசியில் பெரியம்மா தன் பாசி மிதவையிலிருந்து கொண்டுவந்தது மூன்று கவர். அவற்றை அலசி, திண்ணையில் விரித்து வைத்திருந்தார். ஒன்று நம் கடைத்தெருவுடையது. மற்ற இரண்டிலும் வடக்கே இருக்கிற பக்கத்து ஊர் ஜவுளிக்கடையின் பெயர் இருந்தது.

"அங்கிட்டும் ஒரு ஓட இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அகலம் 14 மீட்டர், கரை மணல்பாங்கு, பனந்துண்டை இன்னும் அரை மீட்டர் ஆழமாகப் புதைக்க வேண்டும். ஆனால் அது ஆடி வேலை. அந்த ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்களிடம் புரட்டாசி ஞாயிறுகளை மட்டும் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.